அழாத பிள்ளைக்குப் பூஜ்யம்

பத்து நாளாக அந்தப் பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்துவது நான்தான். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க, தினமும் நாலு தடவை. எட்டாம் மாதத்தில் பிறந்தது, ஒன்றரைக் கிலோ. ஒருமுறைகூட அழவில்லை. எங்கள் சிசு வார்டுச் சார்ட்டில் வலிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அழாவிட்டால் பூஜ்யம் போடுவோம். ஆறு வருஷமாக நானும் போட்டிருக்கிறேன், யோக்கியம் பேசவில்லை.

போன வாரம் நாகர்கோவிலில் அரை நாள் பயிற்சி. குறைமாதப் பிள்ளைக்கு அழத் தெம்பு இருக்காது, முகத்தைப் பாருங்கள் என்றார்கள். திரும்பி வந்து குத்தியபோது பார்த்தேன். நெற்றி சுருங்கி, கண் இறுகி, பத்து விரலும் விரிந்து நின்றன.

தாய் அணைத்துப் பிடித்து, நாக்கில் ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டால் வலி குறையுமாம். ஆனால் எங்கள் வார்டுக்குள் தாயை விடுவதில்லை. தலைமை நர்ஸ் தாணம்மாளிடம் கேட்டேன்.

"ஏட்டி லிஜா, ஒனக்கு வேற சோலி இல்லியா? அழாத பிள்ளைக்கு என்னட்டி நோவு?"

"அழ ஏலாதுக்கா. மொகத்தப் பாருங்க."

"அர நாளு நாரோயிலு போனா டாக்டர் ஆயிருவியா?"

மற்ற நர்ஸுகள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று சோற்றுப் பொதியை என் பக்கத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. போங்கடி என்று இருந்தாலும், சோறு இறங்கவில்லை. மூன்று நாள் விடாமல் கேட்டேன்.

"கொண்டு வந்து தொலை. நோய் தொத்திச்சுன்னா நீயாக்கும் பொறுப்பு" என்றாள் தாணம்மாள் கடைசியில்.

கீழ் வார்டிலிருந்து தாய் வேளாங்கண்ணியைக் கூட்டி வந்தேன். கடற்கரைக்காரி, ஆபரேஷன் தையலைப் பிடித்தபடி படியேறினாள். கை கழுவச் சொல்லி, பிள்ளையின் கையையும் காலையும் கூட்டிப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். அவள் பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடைக் கிண்ணத்தால் நாக்கில் ரெண்டு சொட்டு விட்டுக் கொஞ்சம் பொறுத்துக் குத்தினேன். நெற்றி லேசாகச் சுருங்கி உடனே விரிந்தது. பிள்ளை நாக்கைச் சப்பிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்தது.

வேளாங்கண்ணி கேட்டாள்: "இத்தன நாளும் குத்தச்சிலே ஆரு சிஸ்டரே பிடிச்சா?"

"நாங்கதான் பிடிப்போம்" என்று தாணம்மாள் சொல்லிவிட்டு வெளியே போனாள். அந்தப் பொய்யோடு நானும் போயிருக்கலாம்.

"ஆரும் பிடிக்கல்ல மக்கா" என்றேன்.

குத்தி முடித்து வெகுநேரமாகியும் வேளாங்கண்ணி பிள்ளை மேலிருந்து கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.