பஸ்ஸுக்கு ஓட்டுப் போட்ட வேன்காரி

ஆலை ரோட்டில் பஸ் ஓட ஆரம்பித்தால் முதல் அடி தன் வயிற்றில்தான் விழும் என்பது வேன் அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. தையல் ஆலைக்குப் போகும் பெண்களைக் காலையில் அள்ளிக்கொண்டு போவதும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு வருவதும்தான் அவள் பிழைப்பு. பன்னிரண்டு பேர் உட்காருகிற வண்டியில் இருபது பேருக்கு மேல் ஏறுவார்கள். மாசமாக இருக்கிற பெண்கூடக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வருவாள்.

அந்த வருஷம் நகரசபைத் தேர்தலில் அவர்களோடு உட்கார்ந்து தைத்தவள் ஒருத்தியே நின்றாள். கழிவறைக்குப் போய்வருவதற்கெல்லாம் மணி பார்க்காதீர்கள் என்று மேனேஜரிடம் சொன்னதற்காக வேலையை இழந்தவள். தையலம்மா என்றால் ஊருக்கே தெரியும். "ஆலை ரோட்டுக்கு பஸ்." வீடு வீடாகப் போய் அவள் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

வேனில் தினமும் அதே பேச்சு. வேன் அக்கா மட்டும் கேலி செய்வாள்.

"முன்னாடி ஒருத்தரு வந்து குழாய் போடுறேன்னாரு. குழாய் வந்துச்சு. தண்ணிதான் இன்னும் வந்து சேரல."

காவலாளியாக இருக்கும் அவள் புருஷனும் அதையே சொல்வான். "எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க. ஓட்டாம் ஓட்டு!" குழாய்க்காரருக்குப் போட்ட பிறகு இருவருமே ஓட்டுச்சாவடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தேர்தல் நாளில் ஆலைக்கு லீவு விட்டிருக்க வேண்டும். அவசரச் சரக்கு என்று மேனேஜர் எல்லோரையும் வரவழைத்தார். மத்தியானம் விட்டுவிடுவதாகச் சொன்னார். மத்தியானம் ஆனதும் இன்னும் ஒரு பெட்டி, இன்னும் ஒரு பெட்டி என்று இழுத்தடித்தார். வேன் அக்கா வெளியே காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனாள். கதவு திறந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவள், சட்டைக்குப் பித்தான் வைக்கும் 'பட்டன்'. அவளுக்கு இதுதான் முதல் ஓட்டு.

"அக்கா, ஆறு மணிக்கு மூடிடுவாங்க! பறக்கணும்!"

"ஏறுங்கடி, பறப்போம்."

பறக்கத்தான் செய்தாள். குறுகலான பாலம் வரைக்கும். அங்கே மூட்டை ஏற்றிய ஒரு லாரி இன்ஜின் செத்துப் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. லாரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

பின் சீட்டிலிருந்து அவளுடைய நாத்தனார் பெருமூச்சு விட்டாள். அவளும் அதே ஆலையில்தான் தைக்கிறாள். "அவ்வளவுதான் அண்ணி. மேனேஜர் நெனச்சது நடந்துருச்சு. வண்டியத் திருப்புங்க."

அந்த வார்த்தைதான் வேன் அக்காவைச் சுருக்கென்று தைத்தது. ஓட்டு கிடக்கட்டும். அந்த ஆள் இப்போது காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பானே!

"எறங்குங்கடி எல்லாரும்!" என்று கத்தினாள். "மாசமா இருக்கறவ மட்டும் உள்ளயே இரு. அண்ணே, நீங்க ஏறி ஸ்டியரிங்கப் பிடிங்க, கியர எடுத்து விடுங்க."

"அம்மா, லோடு ஏத்துன லாரிம்மா இது. பொம்பளைங்களால..."

"நீங்க திருப்புற வேலையப் பாருங்கண்ணே."

இருபது பெண்கள் லாரியின் முதுகில் கைவைத்தார்கள். முதல் தள்ளில் அது அசையவே இல்லை. இரண்டாவதில் ஏதோ முனகியது. வேனுக்குள் இருந்த கர்ப்பிணி, சும்மா இருக்கப் பிடிக்காமல் முன்னால் வந்து ஹாரனை அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு ஒன்றாக மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். சக்கரம் ஒரு முழம் உருண்டது. "போவுது! போவுதுடி!" என்று பட்டன் அலறினாள். அப்புறம் இறக்கத்தில் லாரி தானாகவே வேகம் பிடித்து, பாலத்தைத் தாண்டி ஓரமாகப் போய் நின்றது. விசிலடித்தவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. வேன் அக்காவுக்கு உள்ளங்கை எரிந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்தை அடைந்தபோது போலீஸ்காரர் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்பதற்குள் பட்டன் குதித்தாள். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"மூடுறதா இருந்தா என் காலோட சேத்து மூடுங்க சார்!"

போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஆறு ஆகவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த அதிகாரி, "நேரத்துக்குள்ள உள்ள வந்த எல்லாருக்கும் வரிசைச் சீட்டு குடுங்க" என்றார். கர்ப்பிணியை முன்னால் விட்டு, மற்றவர்கள் மூச்சிரைக்க நுழைந்தார்கள்.

கடைசி ஆளும் நுழைந்ததும் அதிகாரி வெளியே பார்த்தார். "நீங்க வரலியாம்மா?"

வேன் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு கணம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மறைப்புக்குள் தாளும் முத்திரையும் அவளும் மட்டும். பஸ் வந்தால் வேன் காலி. அது புத்திக்குத் தெரிந்தது. கைதான் கேட்கவில்லை. தையலம்மாவின் பெயருக்கு நேராக அழுத்திக் குத்தியது.

விஷயம் தெரிந்ததும் புருஷன் குதித்தான். "உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியா?"

"தொங்கிக்கிட்டு வர்றவங்க மூஞ்சி தினமும் என் கண்ணாடியிலதானே தெரியுது? உனக்கா தெரியுது?"



முடிவு வந்த நாளில் ஆலைக்குள் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றனவாம். சாயங்காலம் வேனில் ஏறும்போதே ஆளுக்கொரு கூச்சல். தையலம்மா ஜெயித்துவிட்டாள், அதுவும் வெறும் பதினோரு ஓட்டில்!

"அக்கா, அன்னிக்கு நாம எத்தனை பேரு?" என்றாள் பட்டன்.

ஒருத்தி எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றைத் தாண்டியதுமே நிறுத்திவிட்டாள். எண்ணித்தான் தீரவேண்டும் என்றில்லை. வேன் அக்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். அழுகிறாளோ என்று பயந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஒன்றும் மறுநாளே வந்து குதித்துவிடவில்லை. பணமில்லை என்றார்கள், ரோடு சரியில்லை என்றார்கள். ஒவ்வொரு சாக்குக்கும் தையலம்மா நகரசபையில் தொண்டை வற்றக் கத்தினாள். பெண்கள் இரண்டு தடவை கூட்டமாகப் போய் வாசலில் நின்றார்கள். இரண்டு தடவையும் ஏற்றிப்போனது வேன் அக்காதான்.

ஒருவழியாக பஸ் வந்தது. அதுவும் காலையில் ஒரே ஒரு நடை. முதல் நாள் வேன் அக்கா வண்டியைப் பூட்டிவிட்டு அவர்களோடு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போது வயிறு மேடிட்டிருந்த வேறொரு பெண்ணைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். காலை வருமானம் போனது போனதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாமா என்று இரண்டு இடத்தில் கேட்டு வைத்திருந்தாள்.

"சாயங்காலத்துக்கு எப்போ பஸ் விடுவீங்க?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? மேல போய்க் கேளுங்க."

"கேக்காம விடுவோமா?" என்றாள் வேன் அக்கா. பஸ் முழுக்கக் கைதட்டியது.