கரப்பானுக்கு வைத்த பொட்டு

இப்போதெல்லாம் எவனும் கண்ணெதிரே வேலை செய்வதில்லை. வருகிறான், மூலையில் எதையோ தொட்டு வைக்கிறான், "பொறுத்துப் பாருங்க" என்று கிளம்பிவிடுகிறான். கரப்பான் பூச்சிக்கு மருந்து வைக்க வந்தவனும் அந்த ரகம்தான். அலமாரிக் கீல், பாத்திரத் தொட்டியின் அடி, ஃப்ரிட்ஜின் முதுகு என்று கடுகளவு பசையைப் பொட்டு வைத்தான். ஒன்றும் செத்து விழவில்லை.

பொறுத்துப் பார்க்க எனக்கு முடியாது. என் வீட்டுக்காரிக்கு இழுப்பு. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகி நெஞ்சுக்குள் போகிறது, இன்னொரு முறை கடுமையாக இழுத்தால் தாங்கமாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து மூலை மூலையாக அடித்தேன். நாலைந்து மல்லாந்தன. மனசு குளிர்ந்தது.

ஆனால் அவளுக்கு இழுப்பு கூடியது. அதுவரை சமையலறையில் திரிந்த பூச்சி படுக்கையறைக்கு வந்தது. தலையணை மேல் ஒன்றைப் பார்த்தேன். மருந்துக்காரனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

வந்தவன் மோந்து பார்த்தான். "ஐயா, ஸ்ப்ரே அடிச்சீங்களா?"

"அடிச்சேன். உன் பசைய அதுங்க திரும்பிக்கூட பாக்கல."

"சோத்துல மண்ணெண்ணெய ஊத்திட்டு, சாப்பிட வரலையேன்னா எப்படிங்க? மிரண்டு போய் அடுத்த ரூமுக்கு ஓடிடுச்சு. அந்த நெடி அம்மாவுக்கும் ஆகாது."

கட்டிலில் இருந்தவள் இருமிக்கொண்டே சிரித்தாள். "அவரு டாக்டர் குடுத்த மாத்திரையவே மோந்து பாத்துட்டுதான் தருவாரு, தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டிலுக்கடியில் எதற்காவது ஆகும் என்று நான் சேர்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை அவன் இழுத்தான். மடிப்புகளில் அவரை விதைபோல முட்டைக் கூடுகள். அவள் தலைமாட்டிலேயே. அத்தனையையும் கட்டி வெளியே எறிந்தேன். குடிக்கத் தண்ணீர் கிடைத்தால் பூச்சி போகாது என்றான்; ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அவன் ஸ்ப்ரே பட்ட இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைத்தான்.

"இதைத் தின்னுட்டு இடுக்குக்குள்ள போய்ச் சாகும். மத்தது அதைத் தின்னு சாகும்."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

"ஐயா, ஸ்ப்ரேய மட்டும் தொடாதீங்க."

அவன் போனபின் தொட்டியடியில் ஒன்று வெளியே வந்தது. பொட்டின் அருகே நின்று மீசையை ஆட்டியது. அடிக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன்.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றாள் அவள், சமையலறை வாசலில் வந்து நின்று. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு விசிலடித்தது. "இழுக்கறது எனக்கு. குறைஞ்சா நானே சொல்றேன்."

அது தின்னுமோ, என்னை ஏய்க்குமோ. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு நடந்தேன். அந்தப் பொட்டின் மேல் எனக்கு நம்பிக்கை என்று ஒன்றும் கிடையாது.