எல்லம்மாவின் கைராசி

ஆரம்பாக்கம் ரயிலடியிலிருந்து எல்லம்மாவின் மேட்டுக்கொல்லைக்கு சைக்கிள் மிதிக்கவே ராஜமாணிக்கத்துக்கு அலுப்பாக இருந்தது. ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லிக்கொடுக்கிற கிராம சேவக் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். இந்த 1969-ஆம் வருஷத்திலும் ஊரில் அவன் பேச்சை முழுசாகக் கேட்பவள் எல்லம்மா ஒருத்திதான். அதுதான் வினையாகிவிட்டது.

சட்டைப்பையில் அவள் கொல்லையின் மண் பரிசோதனைத் தாள் இருந்தது. மண்ணில் மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, குறைவே இல்லை, பயிருக்குத்தான் எட்டவில்லை. செம்மண்ணில் இருக்கிற இரும்புத்துரு அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். மணிச்சத்து உரத்தைச் செம்மண்ணில் கலந்து ஊறவை, சமமாகத் தூவலாம் என்று சொல்லிக்கொடுத்தது யார்? இவனேதான்.

மூன்று வருஷமாக அவள் கேழ்வரகு ஒரு சாணுக்கு மேல் எழவில்லை. தழை ஊதாவாகிச் சவலைபோல் நின்றது. ஊர் உரத்தைக் குறை சொல்லவில்லை, அவள் கையைச் சொன்னது. முன்பெல்லாம் முதல் விதை தூவ நாலு வீட்டில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது புருஷன் அருணகிரியே, நாளைக் காலையில் விதைக்கூடையைத் தன் தங்கச்சியிடம் கொடுக்கப்போகிறான்.

குடிசைக்குப் பக்கத்தில் இருந்த ஈரச்சாக்கை எல்லம்மா விலக்கினாள். உள்ளே செம்மண் குவியல்.

"நீ சொன்னமாரியே சார். ஒரு கூடை உரத்துக்குப் பத்துக் கூடை செம்மண்ணு. இருபது நாளா தண்ணி தெளிச்சிகினு கீறேன். ஒரு நாளுகூட உடல."

ராஜமாணிக்கம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான்.

"தப்பு என்னுது எல்லம்மா. உரத்த செம்மண்ணே புடிச்சி வச்சிகினு பயிருக்கு உடமாட்டேங்குது. சாணி எருவுலதான் கலக்கணும். எனக்கே இப்பத்தான் தெரியும். உன் கைமேல ஒரு கொறையும் இல்ல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஈரச்சாக்கைக் குவியல்மேல் மறுபடி இழுத்துப் போட்டாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார்? எங்க ஊட்டுக்காரரு டீக்கடைல குந்திகினு கீறாரு. நாலு பேரு இருக்கசொல்ல அங்க வந்து சொல்லு."

அங்கே சொன்னால் இனி இந்த ஊரில் எவனும் தன்னை மதிக்கமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். ஒன்பது வருஷ மிதியும் வீண்தான். இருந்தாலும் சைக்கிளை டீக்கடைப் பக்கம் திருப்பினான்.

எல்லம்மா குடிசைக்குள் போய் விதைக்கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவனை முந்திக்கொண்டு நடந்தாள்.