பிலோமி வாங்கிய, கோமதி விற்ற கீபோர்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. பழைய டிவி, லேப்டாப், ஸ்பீக்கர் என்று கையில் இருப்பதை விற்கவும் வாங்கவும் பாலக்காடு, இடுக்கிப் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் குழு. என் பழைய கேமராவை விற்கத்தான் அதில் சேர்ந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கோமதி விற்பதற்காகப் போட்டிருந்த இசைக் கீபோர்டின் படத்துக்குக் கீழே இப்படி ஒரு செய்தி வந்தது: "இந்த அக்காகிட்ட யாரும் எதுவும் வாங்காதீங்க. ஓட்டை கீபோர்ட நல்லதுன்னு சொல்லித் தலையில கட்டிட்டாங்க." எழுதியவர் பிலோமி. மூணாறைத் தாண்டி மறையூர் போகும் வழியில் உள்ள ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அங்கே சர்ச்சில் பாடல் குழுவை நடத்துபவரும் அவர்தான்.

உடனே கோமதியின் குரல் பதிவு வந்தது. "நானெதுக்குங்க பொய் சொல்லோணும்? எங்கூட்டுல அத்தனை கட்டையும் பேசுச்சுங்க."

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன், இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டிலும் பொய் தெரியவில்லை. ஒருவராவது பொய் சொல்லித்தானே ஆகவேண்டும்? இருவருக்கும் போன் செய்தேன். இருவரும் பேசினார்கள். (பெயர்களை மாற்றிவிட்டேன். கீபோர்டை மாற்றவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

கோமதிக்கு அந்தக் குறை முன்பே தெரியும். அதனால்தான் அவள் அவசரமாக ஒரு வெளியூர்க்காரியைத் தேடி—

இதை விட்டுவிட்டேன். கோமதி அவசரப்படவே இல்லை. உடுமலைப் பேருந்து நிலையம் வரை தானே கீபோர்டைக் கொண்டுவந்தார். ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டு பிளக்கில் மாட்டி, "ஒவ்வொரு கட்டையா அமுத்திப் பாத்துக்குங்க அம்மணி" என்றிருக்கிறார். பிலோமி அப்படியே பார்த்துவிட்டு, ஒரு மாதா பாட்டை முழுசாக வாசித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். இதை இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

மலைப்பாதையில் பிலோமி அதைக் கீழே போட்டிருப்பாள். அதை மறைக்கத்தான்—

இதுவும் ஆகாது. கம்பளியில் சுற்றி, குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார் பிலோமி. அதை நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கதாபாத்திரங்களில் ஒருவரைக் கெட்டவராக்க முடியாமல் திண்டாடும் எழுத்தாளனை நீங்கள் மன்னிக்கவேண்டும்.

3

ஞாயிற்றுக்கிழமைப் பூசை. பிலோமி வாசிக்கத் தொடங்கியதும் நடுக்கட்டைகள் ஊமையாகிவிட்டன. ஒரு கட்டை மட்டும் திடீரென்று அலறியது. சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. எல்லாருமாகப் பணம் போட்டு வாங்கியது அது.

"நல்லதுன்னு நீ சொல்லித்தான வாங்குனோம்?" என்று ஒருவர் கேட்டாராம். "அந்த 'நீ'யத்தான் சார் என்னால தாங்க முடியல" என்றார் பிலோமி என்னிடம். அந்தக் கோபத்தில்தான் குழுவில் எழுதினார்.

குழுவில் எழுதியது கொழிஞ்சாம்பாறைப் பால் சொசைட்டி வரைக்கும் வந்துவிட்டது. பால் ஊற்றப் போன கோமதியிடம், "ஏனுங்க்கா, கீபோர்டு யாவாரம் எப்பிடிப் போவுது?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். கோமதி பாதிப் பாலை ஊற்றாமலே வீடு திரும்பினார்.

(ஏன் விற்றீர்கள் என்று கோமதியிடம் கேட்டேன். கடன், கணவனின் தடை, உடைந்த கனவு என்று எதையாவது எதிர்பார்த்தேன். "எனக்கு வாசிக்க வரலைங்க, அவ்வளவுதான்" என்றார். கதைக்கு இது போதாது என்றேன். "அதுக்கு நான் என்னங்க பண்றது?")

4

"கொண்டாங்க. எங்கண்ணு முன்னால வாசிச்சுக் காட்டுங்க" என்றார் கோமதி, பிலோமியிடம் போனில்.

பிலோமி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கீபோர்டுடன் மலையிறங்கினார். கோமதியின் வீட்டு வாசலில் நல்ல வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. காபிகூட வேண்டாமென்று சொல்லிவிட்டு, பிலோமி கீபோர்டை மாட்டி நடுக்கட்டையை அழுத்தினார்.

அது பேசியது. அடுத்ததும் பேசியது. எல்லாம் பேசின.

பிலோமி கையை எடுத்துக்கொண்டார். "சத்தியமா அக்கா... அங்க பேசல. மாதா மேல ஆணையா பேசல."

கோமதி ஜெயித்துவிட்டார். போனில் படம் பிடித்து, குழுவில் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். என் மூன்றாவது வரைவில் அப்படித்தான் செய்தார். நிஜக் கோமதி பிலோமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க கூத்தா இருக்குது! நான் ஒருக்கா உங்கூருக்கு வந்து பாக்கறனுங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் இதைக் கதையாக எழுதவேண்டுமென்று முடிவு செய்தேன்.

5

கோமதி மலையேறினார். மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகும்போதே தேயிலைச் செடிகளுக்கு மேலே மூடுபனி வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. "மஞ்சு எறங்கிருச்சுக்கா" என்றார் பிலோமி. திறந்த ஜன்னல்கள் வழியாக அது உள்ளேயும் வந்தது. கோமதியின் சேலைத் தலைப்பு ஈரமாயிற்று.

பிலோமி நடுக்கட்டையை அழுத்தினார். சத்தம் இல்லை. கோமதி தானே அழுத்திப் பார்த்தார். இல்லை. பக்கத்துக் கட்டை அலறியது.

"இப்ப சொல்லுங்கக்கா. யாரு பொய் சொன்னது?"

"நீங்களும் சொல்லலைங்க, நானும் சொல்லலைங்க. இந்த ஈரத்துக்கு உள்ள என்னமோ ஆவுதுங்க."

விற்பவர் அறியாத குறை, வாங்குபவர் உண்டாக்காத குறை. கொழிஞ்சாம்பாறையில் இல்லாதது, எஸ்டேட்டில் இருக்கிறது. அப்படியானால் அது யாருடையது? எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

6

முடிவு ஒன்று: கோமதி பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கீபோர்டை எடுத்துக்கொள்கிறார். (செய்யாத தப்புக்கு ஏன் அவர் கட்டவேண்டும்?)

முடிவு இரண்டு: பிலோமி அதையே வைத்துக்கொள்கிறார். (மஞ்சு இறங்காத ஞாயிறுகளுக்கு மட்டும் ஒரு கீபோர்டா?)

முடிவு மூன்று: இருவரும் சேர்ந்து அதை மூன்றாவது ஆளுக்கு, ஏதாவது ஒரு வெயில் ஊரில், எல்லாவற்றையும் சொல்லி—

சொன்னால் யார் வாங்குவார்கள்?

இருவரிடமுமே கேட்டுவிட்டேன். குழுவில் பிலோமியின் செய்தி அழிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான் தெரியும். பிலோமி, "அத எங்க ரெண்டு பேத்துக்கிட்ட விட்டுருங்க சார்" என்றார். கோமதி, "கதை எழுதறவரு நீங்க, நீங்களே ஒண்ண வெச்சுக்குங்க" என்றார். இதில் மட்டும் எப்படியோ ஒற்றுமை.

ஆகவே இருவரும் சொன்ன கடைசிக் காட்சியோடு நிறுத்துகிறேன். பாடல் குழு எழுந்து நின்று காத்திருக்கிறது. கோமதி ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போய், "இங்க மேல பேசுதுங்க அம்மணி, இங்கிருந்து புடிங்க" என்கிறார். பிலோமி வலப்பக்கக் கடைசிக் கட்டைகளில் பாட்டைத் தொடங்குகிறார். கீச்சென்று, பொம்மைக் கடைச் சத்தத்தில். பாடுகிறவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் பாடி முடிக்கிறார்கள்.

பூசை முடிந்ததும் இருவரும் வெளியே போய்ப் படியில் உட்காருகிறார்கள். கீபோர்டு உள்ளே இருக்கிறது. அதை என்ன செய்வதென்று பேசியே ஆகவேண்டும், கோமதி உடுமலை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

முதலில் யார் வாய் திறக்கிறார் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.