உட்டறாதீங்க கண்ணு

லெஸ்டர் டூப்ரே என்கிற மாபெரும் ட்ரம்பெட் கலைஞரை நேரில் கேட்டவர்கள் கோயம்புத்தூரில் இரண்டே பேர். ஒருவன் நான், அப்துல் குத்தூஸ், ஒப்பணக்கார வீதியில் பட்டன், ஜிப், லேஸ் விற்பவன். இன்னொருவர் என் சிநேகிதர் மாரப்பன், மதுக்கரைக்காரர், லாரி ஓட்டியவர். வேறு யாராவது கேட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

தொண்ணூறுகளில் மாரப்பன் பம்பாய்க்கு நூல் லோடு அடிப்பார். நான் பட்டன் கொள்முதலுக்கு அவர் பக்கத்திலேயே தொற்றிக்கொண்டு போவேன். ஒரு தடவை அங்கே மொத்த வியாபாரியிடம் தள்ளுபடி கேட்டேன். அந்தக் குஜராத்திக்காரர் தள்ளுபடிக்குப் பதிலாக இரண்டு டிக்கெட்டை நீட்டினார். சினிமாவாக்கும் என்று வாங்கிக்கொண்டோம்.

உள்ளே போனால் அது ஏதோ ஜாஸ் இசை விழா. மேடையில் ஐந்து பேர். ஆளுக்கொரு பக்கம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுருதி சேர்க்கிறார்கள் போலிருக்கிறது, முடித்துவிட்டுக் கச்சேரியை ஆரம்பிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தோம். சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியபோதுதான் கச்சேரி பாதி முடிந்துவிட்டது என்பதே தெரிந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அப்போதுதான் டூப்ரே முன்னால் வந்தார். பெரிய உடம்பு, கசங்கின கோட்டு. ட்ரம்பெட்டை வாயில் வைத்து ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிக்கொண்டன. பார்த்துக்கொண்டிருந்த நானும் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முட்டியது, அவருக்கு முட்டவில்லை. எங்கே விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பதறியது. அடக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"உட்டறாதீங்க கண்ணு!"

அறுபது வயது அமெரிக்கரைக் கண்ணு என்று கூப்பிட்டது தப்புதான். ஆனால் 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டேன். டூப்ரே ஒரு புருவத்தை மட்டும் தூக்கி என் பக்கம் பார்த்தார். அதே சுரத்தை இன்னும் மேலே ஏற்றி இன்னும் நீட்டினார். அரங்கமே கூச்சலிட்டது. முன்வரிசைப் பார்ஸி அம்மாள் ஒருத்தி திரும்பி, கையிலிருந்த நோட்டீஸால் என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினாள். மாரப்பனோ கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். வெளியே வந்ததும், "அனுபவிச்சேனுங்க பாய்" என்றார்.

அதோடு எங்களுக்குப் பித்துப் பிடித்தது. வருஷாவருஷம் விழா நடக்கும் வாரமாகப் பார்த்து லோடு ஏற்றினோம். ஒரு பெரிய ட்ரம்ஸ்காரரின் குச்சி தெறித்து மாரப்பன் காலடியில் விழுந்தது. மாரப்பன் மேடைவரைக்கும் போய், "ஏனுங்க, உங்க குச்சிங்க" என்று கொடுத்துவிட்டு வந்தார். பியானோ வாசித்த ஓர் அம்மாள் வாசிப்பை நடுவில் நிறுத்தி, நாற்காலியின் ஆட்டத்தைச் சரிபண்ணச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலி கிரீச்சிட்ட தாளத்திலேயே மறுபடி ஆரம்பித்தாள். அடடா! அதையெல்லாம் நினைத்தால் கடையில் லேஸ் அளக்கும் கை இப்போதும் நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் மாரப்பனுக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சுப் போய்விட்டது. அவருடைய அக்கா பேத்தி யுவஸ்ரீ ஒரு வழி செய்து கொடுத்தாள். மாரப்பன் போனில் தட்டெழுதுவார், அதை அந்தப் போன் வாய்விட்டுப் படிக்கும். படிப்பது ஒரு பெண் குரல். சுத்தமான உச்சரிப்பு, செய்தி வாசிக்கிறவள் மாதிரி. மாரப்பன் கடைசியில் பொம்மைப் படம் எதையாவது அழுத்தினால் அதையும் விடாமல் படித்துத் தொலைப்பாள்.

"பாய், டீ சாப்பிடலாமுங்களா. சிரிக்கும் முகம்."

மாரப்பனின் மனைவி மாரியாத்தாளுக்கு இந்தக் குரலைக் கண்டாலே ஆகாது. "எவளோ ஒருத்தி நம்மூட்டுல உக்காந்துட்டு நாள் முச்சூடும் நாயம் பேசறாளுங்கண்ணா" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பம்பாய்க் கச்சேரியின் ஒலிப்பதிவை யாரோ பரணிலிருந்து எடுத்து இணையத்தில் வெளியிட்டார்கள். டூப்ரே அந்த நீண்ட சுரத்தைப் பிடிக்கிற இடத்தில், இரைச்சலுக்கு நடுவே தெளிவாகக் கேட்கிறது: "உட்டறாதீங்க கண்ணு!" வெளிநாட்டுக்காரர்கள் அந்த உருப்படிக்கே 'உட்டராடிங்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய சமஸ்கிருத மந்திரமாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு வேறு. கீழே நம்மாள் ஒருவர், "மந்திரமுமில்லை, மண்ணுமில்லை. ட்ரம்பெட்டுக்கே மரியாதை கொடுத்துக் கத்துகிறவன் கோயம்புத்தூர்க்காரனாகத்தான் இருப்பான்" என்று எழுதியிருந்தார்.

டூப்ரேயின் பேத்தி நயோமி, அவளும் ட்ரம்பெட்காரி, அதைப் படித்துவிட்டாள். இந்தியாவுக்கு வருகிறவள், கோயம்புத்தூரிலும் ஒரு கச்சேரி செய்து, கத்தின மனிதரை மேடையில் ஏற்றிக் கும்பிடப்போவதாக அறிவித்தாள். உள்ளூரில் ஏற்பாடு செய்த சைத்ரா என்ற பெண் ஆளைத் தேடினாள். என் மகள் இஃப்ரா எனக்காகப் பதில் எழுதினாள். அதே நாளில் மாரப்பனுக்காக யுவஸ்ரீயும் எழுதியிருந்தாள்.

"மொத்தம் எத்தனை பேருங்க கத்துனீங்க?" என்று சைத்ரா போனில் கேட்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் பெயர் இதுவரை கரண்டு பில்லைத் தவிர எங்கேயும் அச்சாகி வந்ததில்லை. நெற்றியில் அடி வாங்கினது நான். மாரப்பன் கடைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மாரப்பா, கத்துனது நானுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டினார். "இல்லைங்க பாய். கத்துனது நானுங்க. கோபமான முகம்."

"பொய் சொல்றீங்க."

"நீங்கதான் பொய் சொல்றீங்க. கோபமான முகம். கோபமான முகம்."

செய்தி வாசிக்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்குத் தானாகவே குரல் இறங்கிவிட்டது. நாற்பது வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக டீ சாப்பிடாமல் பிரிந்தோம். அடுத்த சில வாரங்கள் பேச்சே இல்லை. பேச முடியாத மனிதரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது, வித்தியாசமே தெரியாது.

கச்சேரி அன்று காலையில் பொறுக்க முடியாமல் மதுக்கரைக்குப் பஸ் ஏறினேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். மாரியாத்தாள் அடுப்படியில் இருந்தாள். மிக்ஸி மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதிலிருந்து என் குரல் கத்தியது. அவள் ஒரு தோசை ஊற்றினாள். மறுபடி விரலால் தள்ளினாள். மறுபடி நான் கத்தினேன். தோசையைத் திருப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணா! கேட்டீங்ளா? ரண்டு வருசங் கழிச்சு எங்கூட்டுக்காரரு கொரலுங்க."

நான் வாயைத் திறந்தேன், அவள் விட்டால்தானே.

"அவுரு கொரலு எதுலயாச்சும் இருக்குதான்னு கல்யாண வீடியோ அத்தனையும் போட்டுப் பாத்தனுங்க. எல்லாத்துலயும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிப்போட்டானுங்க. வாயி மட்டும் அசையுது. போன்ல வாய்ஸ் அனுப்புங்கன்னா அவுரு எங்க அனுப்புனாரு? எப்புடிப் பேசுவாருங்கறதே மறந்துபோகுமோன்னு பயந்துட்டே கெடந்தனுங்கண்ணா. நல்லவேளை, அன்னைக்கு இப்புடிக் கத்திப்போட்டாரு."

முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கொரு தோசையைத் தட்டில் போட்டாள்.

மாரப்பன் வந்து என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். போனில் சத்தத்தை அணைத்தார். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டிவிட்டு, திரையை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

'பாய், கத்துனது நீங்கதான்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கு நான் தூங்கிப்போட்டனுங்க. வண்டி ஓட்டுன அலுப்பு. இவ இதைக் கேட்டதும் என் கொரலுன்னு அழுதுபோட்டா. இல்லைன்னு சொல்ல மனசு வரலீங்க.' கடைசியில் கைகூப்பும் பொம்மை. நல்லவேளை, அதை யாரும் வாசிக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய் சொன்னதற்கு இல்லை. "தூங்குனீங்களா? டூப்ரே வாசிக்கறப்ப தூங்குனீங்களா? அனுபவிச்சேன்னு சொன்னீங்களேங்க!" என்று பல்லைக் கடித்தேன். மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து மறுபடி என் குரல் கத்தியது. தோசை மாவு கல்லில் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அங்கேயே நின்று சைத்ராவுக்குப் போன் போட்டேன்.

"கத்துனது மாரப்பனுங்க. நான் சும்மா சொன்னனுங்க."

"அப்பாடா" என்று வைத்துவிட்டாள்.

அந்த மாரப்பனால் பேச முடியாது என்பதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் புத்தி அவ்வளவுதான்.

சாயங்காலம் அவிநாசி ரோட்டு அரங்கில் முன்வரிசை. எனக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் மாரியாத்தாள். நயோமி தாத்தாவைப் போலவே வாசித்தாள். பிறகு மாரப்பனை மேடைக்கு அழைத்து, கும்பிட்டு, அவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டு, தாத்தாவின் அந்த உருப்படியைத் தொடங்கினாள். நீண்ட சுரம் வந்தது. பிடித்தாள். கண்ணால் மாரப்பனைப் பார்த்து, ம், என்று புருவத்தைத் தூக்கினாள்.

அவள் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் கத்தினால்தான் அவள் விடுவாள்.

மாரப்பன் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையில் போனைத் தேடினார். அந்தப் பையில் இல்லை. இந்தப் பையில் இருந்தது. கண்ணாடி போடாமல் திரையைத் தூரத்தில் பிடித்தார். நயோமியின் முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க!" என்றாள் மாரியாத்தாள்.

எனக்கும் முட்டியது. அந்தச் சத்தம் முப்பது வருஷம் கழித்து என் தொண்டைக்குள் வந்து நின்றது. அதே சுரம், அதே உப்பின கன்னம், நான் கத்த வேண்டிய அதே இடம். ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள், அரங்கமே என்னைத் திரும்பிப் பார்க்கும். ஆனால் பக்கத்தில் மாரியாத்தாள் இருந்தாள். நான் வாயைத் திறந்தால் நாளைக் காலையில் அவள் எதைக் கேட்டுக்கொண்டு தோசை ஊற்றுவாள்? கைக்குட்டையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் ஆயுசில் இவ்வளவு பாடுபட்டு நான் எதுவும் செய்ததில்லை.

மேடையில் மாரப்பன் ஒருவழியாகத் தட்டி முடித்து, போனை மைக்கில் வைத்தார். செய்தி வாசிக்கிறவள் அரங்கம் முழுக்கத் தெளிவாகச் சொன்னாள்.

"உட்டறாதீங்க கண்ணு. சிவப்பு இதயம்."

நயோமி ட்ரம்பெட்டுக்குள்ளேயே சிரித்துவிட்டாள். சுரம் நூறு துண்டாக உடைந்து நாலு பக்கமும் தெறித்தது. ஜனங்கள் நாற்காலியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவள் அப்படியே மாரப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாரப்பன் அவள் தோளுக்கு மேலே என்னைத் தேடினார். நான் கைக்குட்டையை எடுக்காமலேயே கையை ஆட்டினேன்.

வெளியே வரும்போது மாரியாத்தாளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "இத்தனை பேருக்கு முன்னால அவளைப் பேச வெச்சுப்போட்டாரு பாருங்கண்ணா. அவ எங்க, எங்கூட்டுக்காரரு எங்க?" என்று போனை எடுத்து, ரோட்டோரத்தில் நின்று அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். நான் கத்தினதை நானும் அவளும் சேர்ந்து கேட்டோம்.

"தேனுங்கண்ணா தேனு! நீங்க வேற, நாந்தான் கத்துனேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. உங்களுக்கு இப்புடி ஒரு கொரலு வருமுங்களா?"

என் மனைவி இஸ்மத் என் குரலைக் கடை ஷட்டர் இழுக்கும் சத்தம் என்றுதான் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

"எனக்கெங்கீங்க தங்கச்சி வரும்?" என்றேன். "இன்னொருக்காப் போடுங்க, கேப்போம்."