சாயக் கூடாத மூலை

பெட்டி மறுபடியும் நின்றுபோனது. கூடத்து விளக்கும் மின்விசிறியும் கூடவே அணைந்தன. சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ராஜராஜேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள்தான் போய் நிறுத்திவிட்டு வந்தாள் என்று நினைப்போ என்னவோ.

ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய அப்பா கைலாசம் கிடந்தார். நேற்றுச் சாயங்காலம் போனவர். தம்பி சிவகணேஷ் கனடாவிலிருந்து கிளம்பிவிட்டான். "மொகத்த ஒரு தடவ பாக்கணும்க்கா, வச்சிருங்க" என்று போனில் கெஞ்சினான். அவளும் சரியென்று சொல்லிவிட்டாள். பங்குனி வெயிலில் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது ஏரல் கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த இந்தப் பெட்டிதான்.

மெக்கானிக் மெர்வின் திரும்பவும் வந்தான். வழக்கம்போலப் பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். பெட்டிமேல் சாய்ந்து கிடந்த அம்மா சொர்ணாம்பாளைக் கைத்தாங்கலாக அறைக்குள் கூட்டிப் போனார்கள். சுவர்ப் பலகையில் விழுந்து கிடந்த டிரிப்பர் சுவிட்சை மெர்வின் தூக்கிவிட்டான். பெட்டி சமர்த்தாக ஓடியது. மீட்டரை வைத்து எங்கெங்கோ தொட்டுப் பார்த்தான், ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் வந்தால் ஓடுவதும் அவன் படியிறங்கினால் படுத்துக்கொள்வதும், இது என்ன பெட்டியோ!

"என்ன வே, சாவு வீட்டுல வெளையாட்டா?" என்றார் சித்தப்பா சங்கரலிங்கம்.

"எங்கனயோ வயரு தேஞ்சு தகரத்துல உரசுது அண்ணாச்சி. அடியில கழத்திப் பாக்கணும். ஐயாவக் கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வச்சா..."

"நல்லா இருக்கே. எடுத்தா நேரே குளிப்பாட்டித் தூக்கிட்டுப் போவணும். திரும்ப உள்ள வைக்கதுக்கு அவரு என்ன சாமானா?"

வேறு பெட்டி கொண்டுவந்தாலும் எடுத்துத்தானே மாற்ற வேண்டும். டிரிப்பர் இல்லாமல் நேரடியாகக் கரண்ட் கொடுக்க மெர்வின் ஒப்பவில்லை. ஆள் தொடுகிற பெட்டி, ஷாக் அடித்தால் இன்னொரு உயிர் போகும் என்றான்.

அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். அறையிலிருந்து வந்த அம்மா தலைமாட்டு மூலையில் இரண்டு கையையும் போட்டு அப்படியே சாய்ந்தாள். 'டப்'பென்று பெட்டி நின்றது. மெர்வின் திரும்பிப் பார்த்தான். ராஜராஜேஸ்வரியும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அம்மா சாயும்போதுதான் வயரு நசுங்குது. அவங்க தொடாம இருந்தா ஓடும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அதை அவள் எந்த வாயால் சொல்வாள்? சொன்னாள். "கணேசு வாரவரைக்கும் பெட்டியில சாயாதம்மா."

"அவன் வந்து அழுகதுக்கு, நான் அவரத் தொடாம இருக்கணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு தானே நகர்ந்து சுவரோரம் போய் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

மெர்வின் டிரிப்பரைத் தூக்கிவிட்டுப் போனான். பெட்டி ஓடியது. துக்கத்துக்கு வந்தவர்கள், "புருசன் கெடக்காரு, இவ எட்டக்க உக்காந்திருக்கா பாரு" என்று காதோடு காதாகப் பேசினார்கள். அது ராஜராஜேஸ்வரியின் காதிலும் விழுந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் வயர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மத்தியானத்துக்கு மேல் சிவகணேஷ் கூப்பிட்டான். வழியில் தோஹாவில் மாறி ஏற வேண்டிய விமானத்தை விட்டுவிட்டானாம். "நாளைக்கு ராத்திரிதான் வர முடியும்க்கா. இன்னும் ஒரு நாள் மட்டும் வச்சிருங்க."

போனைக் காதில் வைத்தபடியே அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். பைய நடந்துபோய்க் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்து, இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

பெட்டி நின்றது. விசிறி நின்றது.

"அக்கா, அம்மாட்ட குடு. அம்மா எங்க?" என்றான் தம்பி.

"அப்பாகிட்ட இருக்கா."

சித்தப்பா டிரிப்பரைத் தூக்கப் போனார். அம்மாவை எழுப்பச் சொல்லி இவளுக்குக் கண்ணைக் காட்டினார். ராஜராஜேஸ்வரி அம்மாவின் தோளில் கை வைத்தாள். அந்தத் தோள் குலுங்கிய குலுக்கலில் அவளுக்குத் தூக்கக் கை வரவில்லை.

"வேண்டாம் சித்தப்பா" என்றாள், தம்பி கேட்டுக்கொண்டிருக்கும்போதே. "குளிப்பாட்டிருவோம். நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க ஆத்துக்கு ஆளனுப்புங்க."