ஆறு மணிக் குரல்

பொறாமை என்றால் நகை, புடவை, பக்கத்து வீட்டுக் கார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புஷ்பம் டீச்சருக்கு வந்த பொறாமை ஒரு குரலின் மேல். அதுவும் வாட்ஸப்பில் வருகிற குரல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

மாடம்பாக்கம் ஆனந்தா நகரில் மொத்தம் ஐந்து தெரு. புஷ்பம் வீடு நான்காவது தெருவில். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கொரோனா வந்த முதல் வருஷத்திலிருந்து நகரின் வாட்ஸப் குழுவுக்குத் தொற்றுச் செய்தி கொடுத்தது அவள்தான். சுகாதார ஆய்வாளர் சத்தியநாதன் அவளுடைய சர்ச் சபைக்காரர். தினமும் சாயங்காலம் போன் செய்து, "அக்கா, இன்னிக்கு மூணாவது தெருவுல ரெண்டு" என்று சொல்லிவிடுவார். புஷ்பம் அதைத் தெருவாரியாக டைப் அடித்துப் போடுவாள். அன்றைக்கு நோயோடு இருப்பவர்களின் எண் மட்டும்தான், யார் பெயரும் போடமாட்டாள். அது அவளே வைத்துக்கொண்ட விதி. குழுவில் நூற்று எண்பத்தேழு பேர். பூண்டை மென்றால் கிருமி சாகும், வெந்நீரில் ஆவி பிடித்தால் நுரையீரல் கழுவப்படும் என்று வருகிற குப்பைக்கெல்லாம் கைதட்டுகிற அந்த நூற்று எண்பத்தேழு பேரும் இவள் பட்டியலுக்கு ஒரு கட்டைவிரல்கூடக் காட்டியதில்லை.

இரண்டாவது அலை வந்தது. பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி காம்பவுண்ட் சுவர் ஓரமாக வந்து நின்று, "டீச்சர், பெரியவங்க பல பேருக்கு எழுத்து தெரியமாட்டேங்குதாம். நீங்க போடறத நான் படிச்சு வாய்ஸ் மெசேஜா போடட்டுமா?" என்று கேட்டாள். "தாராளமா போடுங்க மேடம்" என்றாள் புஷ்பம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

நாகலக்ஷ்மி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டர். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குரல். நிதானம், தெளிவு, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. "எல்லாருக்கும் வணக்கம், நான் நாகலக்ஷ்மி பேசறேன்" என்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஆரம்பித்தால் ஐந்து தெருவிலும் பால்கனிக்குப் பால்கனி அதுதான் கேட்கும். ஒரே வாரத்தில் கைகூப்பு, பூங்கொத்து, இதயம் என்று குவிந்துவிட்டது. அதே எண்கள்தான், அதே பட்டியல்தான். ராப்பகலாகச் சமைத்தவள் ஒருத்தி, பரிமாறியவளுக்குப் பேர் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

போகட்டும், ஊரார் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். கட்டின புருஷன்?

ஜெபராஜ் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. கொரோனா ஊசி மட்டும் போட்டுக்கொள்ளமாட்டேன் என்று இரண்டு மாதமாக ஒற்றைக்காலில் நின்றார். காரணம், யூடியூபில் எவனோ ஊசி போட்ட கையில் காசை ஒட்டிக் காட்டினானாம், உடம்பு காந்தமாகிவிடுகிறதாம். புஷ்பம் கத்திப் பார்த்தாள், ஜெபித்துப் பார்த்தாள், சிறுசேரியில் வேலை பார்க்கிற மகன் எபியை விட்டுப் பேசவைத்தாள். கடைசியில் ஜூன் மாதத்து வியர்வையோடு உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்து இழுத்து, ஊசியே போடாத அந்தக் கையில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிக் காட்டினாள். காசு ஜம்மென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? காந்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வேர்வை."

"அது வேற, இது வேற" என்றார் ஜெபராஜ்.

அந்தக் கதையைப் பேச்சுவாக்கில் சுவர் ஓரமாக நாகலக்ஷ்மியிடம் சொன்னாள். மறுநாள் ஆறு மணிக்கு அது குழுவில் வந்தது. "நம்ம தெருவுல ஒரு டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா?" என்று தொடங்கி, காசை எடுத்தது, ஒட்டியது, கணவர் முழித்தது என்று ஒவ்வொன்றாக அவள் சொன்ன அழகில் ஐந்து தெருவும் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெபராஜும் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அவளுடைய மெசேஜை எப்போதும் இரண்டு தடவை கேட்பது அவர் வழக்கம்.

"எவ்ளோ அழகா எடுத்துச் சொல்றாங்க பாரு. நியாயம்தான். சனிக்கிழமை கேம்ப்ல போட்டுக்கறேன்."

சந்தோஷப்படவேண்டிய நேரம். ஆனால் புஷ்பத்துக்குக் காதில் புகை வராத குறை. அவர் கையில் காசை ஒட்டினது யார்? இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தினது யார்? தான் சொன்னபோது ஏறாதது அவள் சொன்னால் ஏறுகிறதென்றால் இந்த வீட்டில் தனக்கு என்னதான் மரியாதை?

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு நாகலக்ஷ்மி சுவர் ஓரமாக வந்தாள். "டீச்சர், நாளைக்கு கேம்ப் உண்டுதானே? சத்தியநாதன் சார் சொன்னாரா?"

சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில், காலை ஒன்பது மணி முதல், இருநூறு டோஸ். புஷ்பத்தின் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஸ்டாக் வரலையாம் மேடம். கேன்சல்."

"அடடா, அப்படியா? சரி, எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்று நாகலக்ஷ்மி போய்விட்டாள்.

புஷ்பத்தின் கணக்கு எளிமையானது. நாளைக்கு முகாம் நடக்கும். நாகலக்ஷ்மி சொன்னது பொய் என்று ஐந்து தெருவும் பேசும். மூக்கு உடையட்டும், ஒரே ஒரு தடவை. அப்புறம் எல்லோரும் பட்டியலைத் தேடி வருவார்கள். ஜெபராஜைக் காலையில் தானே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடலாம். நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் போட்ட கணக்கு இது.

சனிக்கிழமை காலையில் சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். "கிளம்புங்க. கேம்ப் இருக்கு."

"கேன்சல்னு நேத்து நாகலக்ஷ்மி மேடம் சொன்னாங்களே?"

"இருக்குன்னு நான் சொல்றேனே."

"அவங்க விசாரிக்காம சொல்லமாட்டாங்க புஷ்பம். இந்த நேரத்துல வெளிய போய் இல்லாத கேம்ப்ப தேடச் சொல்றியா?" என்று ஜெபராஜ் பேப்பரை விரித்துக்கொண்டார்.

பத்தரை மணிக்கு சத்தியநாதன் போன் செய்தார். குரலில் எரிச்சல். "என்னக்கா இது? உங்க நகர்ல இருந்து ஒரு ஈ காக்கா வரல. எவனோ கேன்சல்னு கிளப்பிவிட்டிருக்கான். விஷயம் தெரிஞ்சு படப்பையிலருந்து எல்லாம் வந்து டோக்கன் வாங்கிட்டுப் போறாங்க. இன்னும் எண்பதுதான் இருக்கு. அண்ணன உடனே வரச்சொல்லுங்க. இத விட்டா அடுத்தது எப்போன்னு எனக்கே தெரியாது."

இரண்டு மாதம் போராடிச் சம்மதிக்கவைத்த மனுஷன். இன்றைக்கு விட்டால் நாளைக்கே இன்னொரு வீடியோ வரும், மறுபடி ஒற்றைக்காலில் நிற்பார். அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, கேளுங்க. கேன்சல்னு நாகலக்ஷ்மிகிட்ட சொன்னதே நான்தான். வேணும்னே பொய் சொன்னேன்."

ஜெபராஜ் பேப்பரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நீயா? பொய்யா? கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷமாகுது, உன் வயசக்கூட எவன்கிட்டயும் குறைச்சுச் சொன்னதில்ல நீ. எனக்கு ஊசி போடணும்ங்கறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாத புஷ்பம். பாவம், அந்தம்மா."

அவள் சொன்ன உண்மையை ஒருபோதும் நம்பாதவர், அவள் பொய் சொன்னாள் என்பதையும் நம்பவில்லை. இதில் எதற்கு அழுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

சமையலறைக்குப் போனாள். குழுவைத் திறந்தாள். இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தொடாத அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள்.

"நான் நாலாவது தெரு புஷ்பம் டீச்சர் பேசறேன். கேம்ப் நடக்குது. ஸ்கூல்லதான். டோக்கன் கொஞ்சம்தான் இருக்கு, எல்லாரும் உடனே கிளம்புங்க. நேத்து நாகலக்ஷ்மி மேடம் மேல தப்பு இல்ல. அவங்ககிட்ட கேன்சல்னு சொன்னது நான். தெரிஞ்சேதான் சொன்னேன். அவங்க பேசினா எல்லாரும் கேக்கறீங்க, அது எனக்குப் பொறுக்கல. அவ்ளோதான்."

விரலை எடுத்தாள். போய்விட்டது.

கூடத்தில் ஜெபராஜின் போனில் அவளுடைய குரலே கரகரவென்று கேட்டது. முடிந்தது. அப்புறம் முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டது. பிறகு அவர் எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "சட்டையக் குடு" என்றார்.

ஜெபராஜுக்கு நூற்று எழுபத்தொன்றாம் டோக்கன் கிடைத்தது. வரிசையில் நின்ற நகர்க்காரர்கள் புஷ்பத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லவேண்டாம். "டீச்சராம்" என்று ஒரு பெண் அவள் காதில் விழும்படியே சொன்னாள். போனில் அதைவிடக் கேவலமாக வந்துகொண்டிருந்தது. நாகலக்ஷ்மியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

இருநூறாவது டோக்கன் தீர்ந்து கேட்டை மூடுகிற நேரத்தில் நாகலக்ஷ்மி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, முகக்கவசம் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. குழுவில் இல்லாதவர்கள், போனைப் பார்க்காதவர்கள் என்று வீடு வீடாகப் போய் மணியடித்து, ஐந்து தெருவையும் கிளப்பி அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். அவளும் ஊசி போடாதவள்தான். கணவர் பட்டாபிராமன் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்ததில் போன இரண்டு முகாமையும் விட்டிருந்தாள்.

"முடிஞ்சுபோச்சும்மா" என்றார் சத்தியநாதன்.

"பரவால்ல சார்." திரும்பியவள் புஷ்பத்தைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் போட்டுக்கிட்டாரா டீச்சர்?"

"ம்" என்றாள் புஷ்பம். திட்டுவாள் என்று காத்திருந்தாள். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். நாகலக்ஷ்மி தலையை ஆட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாவி, இதில்கூட என்னைவிட உசத்தியாகிவிட்டாளே என்று அந்த நேரத்திலும் புஷ்பத்தின் மனசு பொருமியது.

எட்டாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. நாகலக்ஷ்மி அதில் தானே ஏறினாள். அன்றைக்கு ஊசி போட்டிருந்தாலும் எட்டு நாளில் அது பெரிதாக ஒன்றும் செய்திருக்காது என்று சத்தியநாதன் சொன்னார். சரிதான். ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கவேண்டி வந்திருக்காதே என்று புஷ்பம் கேட்டாள்.

ஆறு மணி ஆயிற்று. குழுவில் சத்தமில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஐந்தே முக்காலுக்கு நாகலக்ஷ்மியிடமிருந்து குழுவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பேச முடியாததால் டைப் அடித்திருந்தாள், எழுத்தெல்லாம் தாறுமாறாக. "இனிமே புஷ்பம் டீச்சரே படிக்கட்டும். அவங்க போட்ட நம்பர் ஒரு நாளும் தப்பினதில்ல."

யாரும் மறுத்து எழுதவில்லை. எதற்காக அத்தனை நாள் வெந்தாளோ, அது தானாக அவள் கைக்கு வந்துவிட்டது. புஷ்பம் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் ஜெபராஜ் டிவியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மைக்கை அழுத்திக் கடகடவென்று படித்தாள்.

"மொதல் தெரு ஒண்ணுமில்ல ரெண்டாவது தெரு ஒண்ணுமில்ல மூணாவது தெரு ரெண்டு நாலாவது தெரு ஒண்ணு அஞ்சாவது தெரு ஒண்ணுமில்ல."

பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நிமிஷத்தில் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. நாகலக்ஷ்மிதான். "குரல் நல்லா இருக்கு டீச்சர். ஆனா ரொம்ப ஓடறீங்க. பெரியவங்க கேப்பாங்க, கொஞ்சம் நிதானமா."

புஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். அனுப்பியதை அழித்துவிட்டு மறுபடி மைக்கை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு தெருவாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நான்காவது தெரு வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு அதையும் நிதானமாகச் சொன்னாள். "நாலாவது தெரு, ஒண்ணு."